நாலாயிரம் படம் இருக்கிறது, நோட்டீஸுக்கு ஒன்று கிடைக்கவில்லை

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் வீட்டோடு சேர்த்துப் பொடி, ஊறுகாய், வடகம் செய்து விற்கிறேன். மொத்தம் 16 சரக்கு. மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். போனில் நாலாயிரத்துக்கு மேல் படங்கள் கிடக்கின்றன. ஆனால் நோட்டீஸ் அடிக்கப் படம் அனுப்பினால், “பிரிண்ட்ல உடையும்மா, வேற அனுப்புங்க” என்கிறார் அச்சகக்காரர். பாக்கெட்டைப் படமெடுத்தால் பளபளவென்று வெளிச்சம் அடித்துப் பெயரே தெரிவதில்லை. அக்கா மகன் 70,000 ரூபாய்க்கு ஒரு கேமரா பார்த்து வைத்திருக்கிறான். வாங்கலாமா? இந்தப் படங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: கேமரா கடைசியில் வரட்டும் அம்மா. முதலில் அந்த “உடையும்” என்ற சொல்லைப் பார்ப்போம்.

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால், நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு அது சுருங்கிவிடும். ஆஃப்செட் அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். கணக்குப் போட்டால் 1600 பிக்சல் படம் 5 அங்குலத்தைச் சற்றே தாண்டும் வரைதான் தெளிவாக விழும். ஏ5 நோட்டீஸ் முழுக்கப் படம் வேண்டுமென்றால் 1748 × 2480 பிக்சல் தேவை. ஏ4 என்றால் 2480 × 3508. உங்கள் போனின் 12 மெகாபிக்சல் கேமரா கொடுப்பது கிட்டத்தட்ட 4000 × 3000. அதாவது மூலப்படம் ஏ4-க்கே போதும். நடுவில் வாட்ஸ்அப் குடித்துவிட்டதுதான் குறை. ஹெச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் ஓரளவு சுருக்கம் உண்டு. படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள், எடுத்தபடியே போய்ச் சேரும். ஃபிளெக்ஸ் கடைக்காரர் மட்டும் ஏன் எந்தப் படத்தையும் வாங்கிக்கொள்கிறார் என்றால், பேனரைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம். அங்கே பாதிக்கும் குறைவான அடர்த்தியே போதும்.

அடுத்து, அந்த நாலாயிரத்தை இப்போது தொடாதீர்கள். அதை அடுக்க உட்கார்ந்தால் மூன்றாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் படங்கள் எங்கெல்லாம் போகின்றன என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் கேட்டலாக், அதில் படம் சதுரமாகத் தெரியும். ஸ்டேட்டஸ், நெட்டாக 1080 × 1920. இன்ஸ்டாகிராம் பதிவு, 1080 × 1350. கூகுள் மேப்பில் கடைப்பக்கம். ஏ5 நோட்டீஸ். வாசல் போர்டு. அமேசான் மாதிரி தளத்தில் விற்கும் எண்ணம் இருந்தால், முதல் படம் தூய வெள்ளைப் பின்னணியில், பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். இந்தத் தாள்தான் உங்கள் நூலகத்தின் அடித்தளம். எங்கே போகும் என்று தெரியாமல் எடுத்த படம் பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை.

ஒவ்வொரு சரக்குக்கும் ஏழு காட்சிகள் போதும்: பாக்கெட்டின் முன்பக்கம்; பின்பக்க லேபிள், எழுத்து படிக்கும்படி; கிண்ணத்தில் கொட்டியது, நேர் மேலிருந்து; அதுவே 45 பாகை சாய்வில்; மிக நெருக்கத்தில் பொடியின் கொரகொரப்பு; சாப்பிடும் தட்டில், அதாவது இட்லியும், நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியும்; கையில் பிடித்த பாக்கெட், 100 கிராம் எவ்வளவு பெரிது என்று வாங்குபவருக்குத் தெரிவதற்காக. 16 சரக்குக்கு 112 காட்சிகள். ஒவ்வொன்றையும் நெட்டாக ஒன்று, குறுக்காக ஒன்று, ஒரு பக்கம் காலியாக விட்டு ஒன்று என்று எடுங்கள். அந்தக் காலியிடம் வாசகம் எழுத. தமிழில் இது இன்னும் முக்கியம். “கறிவேப்பிலைப் பொடி”, “முன்பதிவு செய்துகொள்ளுங்கள்” போன்ற சொற்கள் நீளமானவை. சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடாவிட்டால், டிசைன் செய்பவர் இட்லியின் மேலேயே எழுதுவார். விலையையோ தீபாவளி வாழ்த்தையோ மூலப்படத்தின் மேல் எழுதிச் சேமிக்காதீர்கள். பக்கத்தில் அகல்விளக்கு வைத்து எடுத்தால் அந்தப் படம் வருடத்தில் ஒரு மாதம்தான் உழைக்கும். விளக்கில்லாமல் ஒன்று எடுத்த பிறகு விளக்கை வையுங்கள்.

இனி பளபளப்பு. உங்கள் கடிதத்தில் பாதி இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். லேமினேட் செய்த பாக்கெட்டின் முகம் ஒரு கண்ணாடி. எதிரே எது இருக்கிறதோ அதைக் காட்டும். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்தால் பெயரின் குறுக்கே வெள்ளைக்கோடு விழும். நீங்கள் மஞ்சள் புடவை கட்டி நின்றால் மஞ்சள் கறை விழும். அதனால் வீட்டு விளக்குகளை அணையுங்கள், கறுப்போ கருநீலமோ உடுத்துங்கள். ஜன்னல் பாக்கெட்டுக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி இருக்கும்படி மேசையைப் போடுங்கள். ஜன்னலில் பழைய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டினால் வெளிச்சம் பரவலாகும். எதிர்ப்பக்கம் 30, 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மகோல் பலகையை நிறுத்துங்கள், நிழல் இளகும். இன்னும் பளபளப்பு இருந்தால் பாக்கெட்டின் தலைப்பக்கத்தைக் கொஞ்சமாக முன்னுக்குச் சாய்த்துவிடுங்கள், அல்லது அது எந்தத் திசையைப் பிரதிபலிக்கிறதோ அந்தத் திசையில் கறுப்புச் சார்ட்டைப் பிடியுங்கள். வெள்ளைக்கோடு கறுப்பில் கரைந்துபோகும். போனில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் சாதாரண பிளாஸ்டிக் பளபளப்பைக் குறைக்கும். வெள்ளித்தாள் பவுச்சின் பளபளப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே உங்கள் பாக்கெட் எந்த வகை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாக்கெட்டுக்கு ஒட்டிப்போய் நின்று எடுக்காதீர்கள், போனுக்குப் பக்கத்தில் இருக்கும் பாகம் பெருத்து மற்றது சிறுத்துத் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி நின்று 2எக்ஸ் வைத்து எடுங்கள். சுருக்கமில்லாத புது பாக்கெட்டில் பொடியை வழக்கத்தைவிடச் சற்று நிறைத்து, பின்னால் ஒரு மரக்கட்டையில் இருபக்க டேப்பால் ஒட்டி நிறுத்துங்கள். பின்னணிக்கு முழு அளவு சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேசைக்கு வளைத்து ஒட்டினால் மூலைக்கோடு தெரியாது. வெள்ளைப் பின்னணியைப் போன் சாம்பலாக்கும். அது எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். கறுப்புச் சார்ட்டில் எடுத்தால் நேர் எதிராக, குறையுங்கள்.

ஊறுகாய் பாட்டிலுக்கு ஒரே ஒரு தனி உபாயம். பாட்டிலுக்குப் பின்னால், அதன் உருவத்தைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டிய வெள்ளை அட்டையை மறைவாக நிறுத்துங்கள். எண்ணெய் வழியாக ஒளி வந்து நிறம் எழும். இல்லாவிட்டால் ஆவக்காய் கறுப்புக் குழம்பாகத் தெரியும். கைரேகையை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தபின் பாட்டிலின் மூடியைப் பிடித்தே நகர்த்துங்கள்.

காலை 7 முதல் 9 மணி வரைதான் சென்னையில் நல்ல வெளிச்சம். பத்து மணிக்கு மேல் மொட்டைமாடியில் நிழல் கத்தி மாதிரி விழும். அப்போது தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்து எடுக்கலாம், ஆனால் நீலச்சாயல் வரும். மாம்பலத்து ஃபிளாட்களில் இன்னொரு தொல்லை, அடுத்த வீட்டுச் சுவர். அது பச்சை பெயிண்ட் என்றால் உங்கள் இட்லியும் பச்சையடிக்கும். ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் முதல் படமாக ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்துவிடுங்கள். பிறகு திருத்தும்போது அந்தத் தாளை வெள்ளையாக்கினால் மற்றவை தாமாகச் சரியாகும். ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டைச் சேர்த்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று வரும், அதைத் திருத்தவே முடியாது. இரவில் எல்ஈடி வெளிச்சத்தில் எடுத்துப் படத்தில் பட்டை பட்டையாக வரி விழுந்தால், ப்ரோ மோடில் ஷட்டரை 1/100 அல்லது 1/50 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. ஏசி அறையிலிருந்து போனை நேராக மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும், கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள்.

பொரித்த வடகம் இந்த ஊர்க் காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும். முதலில் பழைய வடகத்தை வைத்து ஒளி, கோணம், ஃபோகஸ் எல்லாம் சரிபார்த்துவிட்டு, கடைசியில் புதிதாகப் பொரித்ததை அந்த இடத்தில் வையுங்கள்.

நிறத்தில் நேர்மையாக இருங்கள். பல போன்களில் உணவைக் கண்டால் தானே நிறத்தைக் கூட்டும் வசதி உண்டு. மிளகாய்ப் பொடி குங்குமம் மாதிரி ஆகிவிடும், கொரகொரப்பும் தெரியாது. அதை அணைத்துவிடுங்கள். எடுத்த படத்தை இன்னொரு போனில் திறந்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் உண்மையான பொடியை வைத்துப் பாருங்கள். அச்சில் வேறு சிக்கல். திரையில் தெரியும் அடர்சிவப்பும் கறிவேப்பிலைப் பச்சையும் நான்கு வண்ண மையில் மங்கும். ஆயிரம் பிரதி அடிக்கும் முன் ஒரு கலர் ப்ரூஃப் கேட்டு வாங்குங்கள், காசு கேட்டாலும் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய உணவுப் படத்தைச் சரக்குப் படமாகப் போடவே வேண்டாம். படத்தில் முழு முந்திரி, பாக்கெட்டில் இல்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இப்போது பெயரும் அடுக்கும். நூலகம் என்பதே இதுதான், ஆனால் எல்லோரும் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

ஒரு கோப்பின் பெயர் இப்படி இருக்கட்டும்: 20250614_paruppupodi_packetmun_nettu_01. வருடம், மாதம், நாள் என்று தொடங்கினால் கம்ப்யூட்டர் தானே கால வரிசையில் அடுக்கும். நாள் எண்ணை முதலில் போட்டால் ஜனவரி 14-உம் ஜூன் 14-உம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். இடைவெளி விடாமல் அடிக்கோடு போடுங்கள். எழுத்து ஆங்கிலமாக இருப்பது நல்லது, ஏனென்றால் சில அச்சகங்களின் பழைய மென்பொருளில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் மிளகாயை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறோம். 16 சரக்குக்கும் ஒரே எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உதவிக்கு வரும் பெண்ணும் அதைப் பார்த்தே பெயர் வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் நான்கு பெட்டிகள் (ஃபோல்டர்கள்): மூலம், தேர்வு, வெளியீடு, ஓய்வு. மூலத்தில் எடுத்தபடியே இருக்கும், அதன் மேல் யாரும் கை வைக்கக்கூடாது. ஒவ்வொரு காட்சிக்கும் நல்லதாக ஒன்றிரண்டின் நகலைத் திருத்தித் தேர்வில் வையுங்கள். சதுரம், நெட்டு என்று வெட்டியவை வெளியீட்டில். ஓய்வுப் பெட்டிதான் பலரிடம் இருப்பதில்லை. லேபிளில் முகவரி மாறினாலோ, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின்) எண் மாறினாலோ, எடை, பாக்கெட் நிறம் மாறினாலோ அந்தச் சரக்கின் பழைய பாக்கெட் படங்களை அன்றே ஓய்வுக்கு நகர்த்துங்கள். அழிக்க வேண்டாம், ஆனால் தேர்வில் இருக்கவே கூடாது. கேட்டலாக்கிலும் கூகுள் பக்கத்திலும் போய் மாற்றுங்கள். பழைய லேபிள் படத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க அனுப்பினது டூப்ளிகேட்டா?” என்று கேட்பார்கள்.

குறிச்சொல் போட்டுத் தேட வேண்டுமானால் கம்ப்யூட்டரில் டிஜிகேம் (digiKam) என்ற இலவச மென்பொருள் போதும். “பொடி, தட்டு, காலியிடம் வலம்” என்று நீங்கள் எழுதும் சொற்கள் படக்கோப்புக்குள்ளேயே பதியும்படி அதில் செய்யலாம். கோப்பு எங்கே போனாலும் சொற்கள் கூடவே போகும். கூகுள் போட்டோஸில் ஆல்பமாக அடுக்கினால், படத்தை இறக்கும்போது அந்த அடுக்கு கோப்போடு வராது. ஐபோன் வைத்திருப்பவர் எடுத்தால் கேமரா ஃபார்மட்டில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஹெச்ஈஐசி வடிவில் வரும், எல்லா அச்சகங்களிலும் அது திறக்காது.

யாருடைய படம் என்பதும் கோப்போடு இருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுக்குச் சொந்தம். ஆகவே போட்டோகிராஃபர் தரும் கொட்டேஷனில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். காசில்லாமல் நட்புக்காக ஒருவர் எடுத்துக் கொடுத்தால் உரிமை அவருடையது. “விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்” என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். கூகுளில் தேடி எடுத்த ரசம் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேர்வுப் பெட்டிக்குள் நுழையக்கூடாது. வாடிக்கையாளர் பாசத்தோடு அனுப்பும் படத்துக்கும், “பேஜில் போடலாமா?” என்று கேட்டு, பதிலின் ஸ்கிரீன்ஷாட்டைப் படத்தின் பக்கத்திலேயே வையுங்கள். வேலை பார்க்கும் மூன்று பெண்களிடமும் தமிழில் ஒரு பத்தி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எதற்குப் பயன்படும், எப்போது வேண்டாமென்றாலும் எடுத்துவிடுவோம் என்று. முகம் வேண்டாம் என்றால் கைகளை மட்டும் எடுங்கள். வடகம் பிழியும் கை, முகத்தைவிட நன்றாகவே பேசும்.

பாதுகாப்புக்கு மூன்று பிரதிகள்: போனில் அல்லது கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே கிளவுடில் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்த ஊர் இது. தரைத்தளத்து பீரோவின் அடித்தட்டில் ஹார்ட் டிஸ்க் வைக்காதீர்கள். இடம் பற்றிப் பயம் வேண்டாம். உங்கள் 112 காட்சிகளை நான்கு விதமாக எடுத்தாலும் 450 படங்கள், ஒன்று 4 எம்பி என்றால் 2 ஜிபிகூட வராது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி-க்குள் அடங்கும், ஆனால் அதில் உங்கள் ஜிமெயிலுக்கும் பங்கு உண்டு. பேக்கப் தரத்தை ‘ஒரிஜினல்’ என்று வையுங்கள், ‘ஸ்டோரேஜ் சேவர்’ படத்தை மறுபடி சுருக்கும்.

அந்த நாலாயிரத்துக்கு இப்போது வரலாம். மறுபடி எடுக்க முடியாதவற்றை மட்டும் தேடுங்கள்: கடை தொடங்கிய நாள், கண்காட்சி ஸ்டால், போன பருவத்து மாவடு. ஒவ்வொன்றிலும் நான்கு கேள்விகள். தெளிவாக இருக்கிறதா, லேபிள் இன்றையதா, 2000 பிக்சலுக்கு மேலா, யார் எடுத்தது என்று தெரியுமா? ஒன்றில் இடறினாலும் தேர்வுக்கு வர வேண்டாம். நூறு தேறினால் அதிகம். வாட்ஸ்அப்பில் தானாகப் படம் இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள், குட்மார்னிங் ரோஜாப்பூக்கள் நடுவில்தான் உங்கள் பருப்புப்பொடி தொலைகிறது.

கேமரா வேண்டாம், இப்போதைக்கு. போன் பிடிக்கும் ட்ரைபாட் ஒன்று, தெர்மகோல் இரண்டு, சார்ட் நான்கு, கிளிப்புகள், மழைக்காலத்துக்கு ஒரு எல்ஈடி விளக்கு. விளக்கு ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, 95-க்குக் குறையாமல் பாருங்கள். அது குறைந்த விளக்கில் சிவப்பு செத்துப்போய்ப் பொடி மண்நிறமாகும். மீதிப் பணத்தில் ஒரு நல்ல போட்டோகிராஃபரை அரை நாள் அழைத்து, வறுப்பது, இடிப்பது, ஆட்கள் ஆகியவற்றை எடுக்கச் சொல்லுங்கள். மங்கிய வெளிச்சத்தில் அசையும் கைகளை எடுப்பதில்தான் போன் திணறும். கையில் காட்சிப் பட்டியலைக் கொடுங்கள். முழு அளவு ஜேபெக்குகளை எஸ்ஆர்ஜிபி (sRGB, திரைகளுக்குப் பொதுவான வண்ண முறை) வண்ணத்தில் கேளுங்கள்.

தேதி விஷயத்தில் மட்டும் அவசரம். ஆனி பிறந்துவிட்டது, ஆவக்காய்க்கான மாங்காய் வரத்து முடியப்போகிறது, எனவே அதை இந்த வாரமே எடுங்கள். வடகம் காயும் மாடியையும் வெயில் இருக்கும்போதே. சிவகாசிக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளிவரும். சொந்தப் படம் போட்டுக் காலண்டர் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதற்குள் பத்துப் படமாவது தேர்வுப் பெட்டியில் இருக்க வேண்டும். மாவடுவுக்கு மாசி வரை வழியில்லை. பழைய போனில் நல்லதாக ஒன்று இருந்தால் இந்த வருடம் அதையே வைத்துக்கொண்டு, பட்டியலில் மாசி மாதத்துக்கு நேராக ‘மாவடு, 7 காட்சி’ என்று எழுதிவிடுங்கள்.